நட்டுவுக்கு ஐம்பது கையெழுத்து

லாக்லன் நிக்கல்சன் என் கடைக்கு வந்தால், மூடுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் வருவான். அந்த நேரத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். வேண்டிய சாமானை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து கல்லாமேல் வைப்பான். நான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்வரை ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடி நிற்பான். பையைத் தூக்கிக்கொண்டு தலையை ஒருமுறை அசைப்பான். அவ்வளவுதான். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள்.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை அவன் வைத்த காகிதம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. கையெழுத்தும் அவனுடையது இல்லை.

"என்ன லாக்லன் இது? 'தாடிக்காரர் ஒருத்தர்'னு போட்டிருக்கு. தாடிக்காரரெல்லாம் நான் விக்கிறதில்லையே."

அவன் மேல்சட்டையின் பொத்தானைக் கழற்றினான். உள்ளேயிருந்து கறுப்பு மூக்கு ஒன்று வந்தது. பிறகு வைக்கோல் நிறத்தில் கலைந்த முடி, இரண்டு கண்கள், ஒரு காது. இன்னொரு காது சட்டைக்குள் மடிந்து மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து மலைகளில் கற்குவியல்களுக்குள் புகுந்து எலியும் நரியும் பிடிக்கிற சின்ன டெரியர் ஜாதி. எட்டு வாரக் குட்டி, ஒரு ரொட்டி அளவுகூட இல்லை.

"பேரு நட்டு" என்றான். "பொண்ணு."

பத்து வருஷத்தில் காகிதம் இல்லாமல் அவன் என்னிடம் சொன்ன மிக நீண்ட சேதி அதுதான்.

நடந்தது இது. கடலுக்கு அந்தப் பக்கம், மல்லேக் ஊருக்கு வெளியே, டோலினா மக்காஸ்கில் என்பவள் டெரியர் வளர்த்து விற்கிறாள். அவள் வீட்டுத் தண்ணீர் பம்ப்பைச் சரிசெய்ய லாக்லன் போயிருந்தான். வேலை முடிந்து கருவிப்பெட்டியை மூடப்போனால் உள்ளே நட்டு போல்ட்டுகளின்மேல் ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை எழுப்ப மனமில்லாமல் முக்கால் மணி நேரம் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். டோலினா வந்து பார்த்தாள். குட்டி உனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் சும்மா தரவில்லை. ஒரு நிபந்தனை போட்டாள்.

போன வருஷம் அவள் கொடுத்த குட்டி ஒன்று, மலைக்கு நடுவே தனியாக இருக்கிற ஒருவனிடம் போய்ச் சேர்ந்தது. வருஷம் முழுக்க அவன் முகத்தைத் தவிர வேறு முகம் பார்க்காமல் வளர்ந்தது. முதல்முதலாக வீட்டுக்கு வந்த விருந்தாளி பாதிரியார். அவரைக் கடித்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் வந்தார், மறுபடியும் கடித்தது. அதிலிருந்து டோலினா யாருக்குக் குட்டி கொடுத்தாலும் ஒரு பட்டியலும் சேர்த்தே கொடுத்தாள்.

பதினாறு வாரம் முடிவதற்குள் குட்டி ஐம்பது புது ஆட்களைப் பார்க்கவேண்டும். தொப்பிக்காரர், தாடிக்காரர், கைத்தடி ஊன்றுகிறவர், மழைக்கோட்டுப் போட்டவர், உரக்கச் சிரிக்கிறவர், சின்னப் பிள்ளைகள். பூனை, கோழி, குதிரை, வேறொரு நாய், ஆடு. யாரையும் அதன்மேல் திணிக்கக்கூடாது. அதுவாகத் தேடிப் போகவேண்டும். பயந்தால் தள்ளி நிற்கவேண்டும். பார்த்தவர் ஒவ்வொருவரும் பட்டியலில் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டாவது தடுப்பூசி போடும்வரை தரையில் விடக்கூடாது, ஆனால் எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அடியில் கோடு போட்டு ஒரு வரி: 'பதினாறாவது வாரம் நேரில் வருவேன். ஆளைக் கண்டு நடுங்கினாலோ ஆட்டைக் கண்டு துரத்தினாலோ அன்றே திருப்பி எடுத்துக்கொள்வேன்.'

ஐம்பது பேர். எங்கள் கிரானே தீவில் மொத்தமே நூற்று நாற்பது பேர்தான். லாக்லன் அவர்களில் எத்தனை பேரிடம் வாய் திறந்திருப்பான் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களிலேயே மிச்சம் விழும்.

அதற்குக் காரணம் அப்போது எங்களுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் அவன் தீவுக் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை செய்தவன். நாங்கள் எல்லோரும் மேல்தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டு அக்கரை போய் வருவோம். அவன் கீழே இரண்டு டீசல் இன்ஜின்களுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பான். அந்தச் சத்தம் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. ஒரே ஆள், நேருக்கு நேர், சத்தமில்லாத இடத்தில் பேசினால் முகத்தையும் உதட்டையும் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வான். இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் ஒன்றும் புரியாது. கேட்டதையே திரும்பக் கேட்டு முழிப்பதைவிட ஒதுங்கிப் போவது மேல் என்று முடிவு செய்துகொண்டான். மந்தமானவன் என்று பேர் வாங்குவதைவிடத் திமிர்பிடித்தவன் என்று பேர் வாங்குவது தேவலை என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. அந்தப் பேரை நாங்களும் தாராளமாகக் கொடுத்திருந்தோம்.

முதல் கையெழுத்தை நான் போட்டேன்.

"பூனை இருக்கில்ல உங்கிட்ட?" என்றான்.

இருந்தது. அட்மிரல் என்று பேர். ஏழு கிலோ, செம்பட்டை நிறம், ரொட்டிக் கூடையில் தூங்குவதைத் தவிர வேறு வேலை செய்யாதவன். லாக்லன் கதவோரம் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்து, குட்டியைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பூனையைக் கண்டதும் நட்டுவின் உடம்பு முழுவதும் துடித்தது. அது பயமா, பாய்கிற ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. பூனையிடமிருந்து பார்வையை எடுத்து அவனை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அவன் பையிலிருந்து கடுகளவு சீஸ் எடுத்து ஊட்டினான். கிரீஸ் கறை போகாத அந்தத் தடித்த விரல்கள் அவ்வளவு சின்னதாக ஒன்றைக் கிள்ளும் என்று நான் நினைத்ததில்லை.

மறுநாள் ஒரு மூட்டை நெருங்கி உட்கார்ந்தான். அடுத்த நாள் இன்னொரு மூட்டை. நாலாவது நாள் அட்மிரல் கூடையிலிருந்து இறங்கி வந்தான். குட்டியின் காதை முகர்ந்தான். நகத்தை உள்ளே வைத்துக்கொண்டு மூக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டான். நட்டு தும்மியது. பிறகு வாலை ஆட்டியது. தபால் முத்திரை போடுகிற மை என்னிடம்தான் இருக்கிறது. அட்மிரலின் முன்னங்காலைப் பிடித்து அதில் ஒற்றிப் பட்டியலில் பதித்தேன். லாக்லன் சிரித்தான். அவனுக்கு ஒரு கடைவாய்ப்பல் இல்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"கடையில எப்பக் கூட்டம் இருக்கும்?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை. ரொட்டி வர்ற நேரம்."

வெள்ளிக்கிழமை வந்தான். பல் பிடுங்கக் காத்திருக்கிறவன் மாதிரி அலமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றான். சட்டைக்குள்ளிருந்து நட்டு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி நாயைப் பார்த்துவிட்டு நேரே ரொட்டி வாங்கப் போகிறவர்கள் எந்த ஊரிலும் கிடையாது. இரண்டு நிமிஷத்தில் பன்னிரண்டு பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நர்ஸ் கிர்ஸ்டி குட்டியின் வாயைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பல்லு எத்தனை?"

"ரெண்டு கிண்ணம்" என்றான் லாக்லன். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

கிர்ஸ்டி சிரித்தாள். அவள் சிரித்தால் துறைமுகம்வரை கேட்கும். 'உரக்கச் சிரிக்கிறவர்' அன்றே கிடைத்துவிட்டார். நட்டு முதலில் சட்டைக்குள் போய் ஒளிந்தது. மறுபடி வெளியே வந்து அவள் மூக்கை நக்கியது.

"குட்டிக்குப் பேரென்ன?" என்று இன்னொருத்தர் கேட்டார்.

"மல்லேக் பக்கம்" என்றான், ஊரைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு.

அதற்கும் சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கச் சேதி பரவிவிட்டது: இன்ஜின் லாக்லன் ஊமைக்குசும்பன், முகத்தை அசைக்காமல் ஜோக் அடிக்கிறான், இத்தனை வருஷமாக இது நமக்குத் தெரியவில்லையே. அவன் என்ன சொல்லிச் சிரிக்கவைத்தான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் யாரும் முறைக்கவில்லை, யாரும் சலித்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான்.

தடுப்பூசி முடிந்து நட்டுவின் கால் தரையில் பட்ட நாளிலிருந்து வேகம் கூடியது. ஜூனில், பள்ளி விடுமுறைக்கு முன்னால், ஒன்பது பிள்ளைகளையும் வகுப்பில் தரையில் வட்டமாக உட்காரவைத்தார்கள். யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும் என்று லாக்லன் சொல்லியிருந்தான். அவன் பேசுவதைக் கேட்டே பிள்ளைகள் அசந்துபோனார்கள். நட்டு நடுவில் நின்று யோசித்தது. ஒவ்வொரு செருப்பாக முகர்ந்துகொண்டு போனது. கடைசியில் மிகவும் அமைதியாக இருந்த பெண்பிள்ளையின் மடியில் ஏறிச் சிறுநீர் கழித்தது. அந்தப் பெண் அதை ஒரு மாதம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது கையெழுத்தும் கலர் பென்சிலில்.

கிர்ஸ்டியின் கோழிகள் நட்டுவுக்குப் பாடம் நடத்தின. வேலிக்கு வெளியே படுத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோழி ஒன்று வந்து கம்பி வழியாக மூக்கில் ஒரு கொத்து விட்டது. அதன்பின் கோழி என்றால் நட்டு வேறு பக்கம் பார்க்கும், ஏதோ அவசர வேலை இருப்பதுபோல. குதிரை அதற்கு ஒரு வீடாகவே தோன்றியிருக்கவேண்டும். வயிற்றின் அடியில் போய் மழைக்கு ஒதுங்கி நின்றது.

ஜூன் கடைசியில் நாற்பத்தேழு கையெழுத்து. ஆடு பாக்கி, நாய் பாக்கி, தாடி பாக்கி. மூன்றும் ஒரே வீட்டில் இருந்தன. ஹெக்டர் மக்கினன் வீட்டில்.

தீவில் தாடி வைத்திருக்கிற ஒரே ஆள் ஹெக்டர். மார்புவரை தொங்குகிற சாம்பல் நிறத் தாடி. அவனும் லாக்லனும் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள், மூன்று வருஷமாகப் பேச்சில்லை. ஒரு புயல் நாளில் ஹெக்டரின் படகு கயிறு அறுந்து பாறையில் மோதிக்கொண்டிருந்தது. கரையில் போன லாக்லனைப் பார்த்துக் கையை ஆட்டி, வா வா என்று கத்தியிருக்கிறான். லாக்லன் தானும் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். படகின் ஒரு பக்கம் நொறுங்கியது.

ஹெக்டரிடம் போவதைத் தவிர்க்க லாக்லன் என்னென்னவோ செய்தான். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வைத்திருந்த பஞ்சுத் தாடியைப் பள்ளியிலிருந்து வாங்கி என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னான். கட்டிக்கொண்டேன். நட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. தாவி, தாடியைப் பிடுங்கிக்கொண்டு கல்லாவுக்கு அடியில் போய்ப் பஞ்சுபஞ்சாகப் பிய்த்தது.

"டோலினாகிட்ட கேளு, இது செல்லுமான்னு" என்று டெலிபோனை என் பக்கம் தள்ளினான்.

"நீயே கேளேன்."

"நீ கேளு பெகி."

கேட்டேன்.

"கட்டின தாடியெல்லாம் செல்லாது" என்றாள் டோலினா. "அடுத்த மாசம் பதினாலாம் தேதி வர்றேன். அவருகிட்ட சொல்லிருங்க."

வேறு வழியில்லாமல் ஒரு காலையில் போனான். ஹெக்டர் வேலியோரம் நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தான். கூடவே ஆடு மேய்க்கிற அவன் நாய் ஃப்ளோரா. அதனால் பிரச்சினை இல்லை. ஃப்ளோரா வயசானவள், நாகரிகம் தெரிந்தவள். பக்கவாட்டில் நெளிந்து வந்து நட்டுவை முகர்ந்தாள், நட்டு மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது, இரண்டும் வேலிக்கு அடியில் சேர்ந்து ஓடின. ஆனால் ஹெக்டர் நிமிர்ந்ததும் காற்றில் அந்தத் தாடி பறந்தது. நட்டு அதைப் பார்த்தது. வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு லாக்லனின் பூட்ஸுக்குப் பின்னால் போய் நடுங்கியது. பஞ்சுத் தாடியைப் பிய்த்த வீரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கே" என்றான் ஹெக்டர், கம்பியைப் பார்த்துக்கொண்டே. "அதுவும் நாய்க்குட்டிக்காக. அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

குனிந்த தலை, காற்று, தாடிக்குள் மறைந்த உதடு. லாக்லனுக்கு ஒன்றும் எட்டவில்லை.

"ஆமா" என்றான். "நல்ல வெயிலு."

ஹெக்டர் இடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். லாக்லன் குட்டியைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தான். தன்னால்தான் ஹெக்டர் போனான் என்பது மட்டும் புரிந்தது, என்ன சொன்னோம் என்பது புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவன் கடைக்கு வரவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி ஹெக்டரின் பட்டியில் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிற நாள். தீவில் யார் வீட்டில் பெரிய வேலை என்றாலும் எல்லோரும் போய்விடுவோம். முப்பது பேருக்குமேல் இருந்தோம். நான் பெரிய கெட்டிலோடு தேநீர்ப் பொறுப்பில் இருந்தேன். லாக்லன் மட்டும் வரவில்லை. ஆனால் மேலே சாலையில், வெகு தூரத்தில், நட்டுவை வாரில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். கையெழுத்துக் கிடைக்காவிட்டாலும் ஆட்டையாவது தூரத்திலிருந்து அதற்குக் காட்டிவிடலாம் என்று. ஆடு கத்தும்போதெல்லாம் சீஸ். குட்டி ஆட்டைப் பார்ப்பதும் அவனைப் பார்ப்பதுமாக நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

ஆட்டை அது ஒன்றும் செய்யவில்லை. முயல்தான் காரணம். காலடியிலிருந்து ஒரு முயல் பாய்ந்தது. நட்டு பின்னால் ஒரு இழு இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடியது. கடற்கரைக்கு மேலே, இடிந்துபோன பழைய மதிலின் கற்கள் ஒரு வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. முயல் அதற்குள் போனது. நட்டுவும் போனது. அந்த ஜாதிக்கு அதுதானே தொழில்.

லாக்லன் ஓடிவந்து கூப்பிட்டான். கற்களின்மேல் குப்புறப் படுத்து ஒரு சந்தில் காதை வைத்தான். அடுத்த சந்தில் வைத்தான். அவன் காதில் அவனுடைய மூச்சுதான் இரைந்தது. உள்ளே அது குரைத்துக்கொண்டிருக்கலாம். முனகிக்கொண்டிருக்கலாம். ஏதாவது கல் விழுந்து செத்தும் போயிருக்கலாம். எதுவென்று தெரிந்துகொள்ள அவனுக்கு வழியில்லை. எந்தக் கல்லை எடுப்பது, எது எங்கே சரியும் என்றும் தெரியாது. கால் மணி நேரம் அப்படிப் படுத்துக்கிடந்ததாகப் பின்னால் சொன்னான்.

அவன் பட்டிக்குள் ஓடிவந்தபோது நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொப்பி இல்லை, முட்டி இரண்டிலும் ரத்தம். முப்பது பேருக்கு நடுவில் வந்து நின்றான். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாதவன் பேசுகிற மாதிரிப் பேசினான்.

"எனக்குக் காது கேக்காது" என்றான். "ரொம்ப வருஷமாக் கேக்காது. நட்டு கல்லுக்குள்ள போயிருச்சு. கத்துதா இல்லையான்னே எனக்குத் தெரியல. யாராவது வந்து கேட்டுச் சொல்லுங்க."

கத்தரிகள் நின்றன. ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. அந்த முப்பது முகங்களிலும் என்னென்னவோ பழைய விஷயங்கள் இடம் மாறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பத்து வருஷக் காகிதங்கள் எனக்கே ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

ஹெக்டர் பாதி ரோமம் எடுத்திருந்த ஆட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். அது ஒரு பக்கம் சட்டை போட்டதுபோல ஓடியது. அவன் லாக்லனின் முன்னால் வந்து, இரண்டு கையாலும் தாடியை விலக்கி வாயைக் காட்டி, மெதுவாகச் சொன்னான்: "எந்தப் பக்கம் போச்சு? காட்டு."

எல்லோரும் போனோம். மலைக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி முனகினாலே ஹெக்டருக்குக் கேட்டுவிடும். கற்களின்மேல் படுத்தான். எங்களை எல்லாம் மூச்சுவிடக்கூடாது என்று கையைக் காட்டினான். லாக்லன் அவன் எதிரில் முட்டிபோட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெக்டர் கட்டை விரலை உயர்த்தினான்.

"கத்துறாளா?" என்றான் லாக்லன்.

"திட்டுறா" என்றான் ஹெக்டர். "கெட்ட வார்த்தையா இருக்கு. எனக்கே கூச்சமா இருக்கு."

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஹெக்டர் காதை வைத்து இடத்தைச் சொல்வான். லாக்லன் கற்களைச் சுற்றிவந்து பார்த்து, எதன்மேல் எது நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பான். முதலில் மேலிருந்து சின்னக் கற்களைக் கைமாற்றிக் கைமாற்றி எடுத்தோம். பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். உள்ளே பலகை மாதிரி ஒரு பெரிய கல் சாய்ந்து கிடந்தது. இரண்டு பேர் கடப்பாரையைப் போடப் போனார்கள்.

"தொடாதே" என்று லாக்லன் கத்தினான். "அதைக் கிளப்பினா இது இறங்கும்."

வீட்டுக்கு ஓடி இரண்டு ஜாக்கிகளும் கப்பலிலிருந்து வந்த பழைய மரக்கட்டைகளும் கொண்டுவந்தான். கல்லுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து, ஒரு விரல் அகலம் ஜாக்கியை உயர்த்தி, மறுபடி கட்டை, மறுபடி ஒரு விரல். அவன் அப்படித் தயங்காமல் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏவியதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கேட்கவேண்டியது எதுவும் இல்லாத வேலை, அவன் வேலை.

ஒரு சாண் இடைவெளி கிடைத்ததும் ஹெக்டர் தலையை உள்ளே விட்டான். தோள்வரை போயிருப்பான். திடீரென்று அவன் கால்கள் இரண்டும் உதைத்துக்கொண்டன.

"இழுங்கடா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "புடிச்சிட்டா."

காலைப் பிடித்து இழுத்தோம். ஹெக்டர் வந்தான், அவன் தாடி வந்தது, தாடியின் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு நட்டுவும் வந்தது. உடம்பெல்லாம் மண். ஒரு காதில் முயல் ரோமம். இருட்டில் வந்த அந்தத் தாடியை ஏதோ ஒரு மிருகம் என்று நினைத்துப் பிடித்திருக்கவேண்டும். வெளிச்சத்தில் அது யாருடையது என்று பார்த்ததும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாயை எடுத்தது. பிறகு தாடியை நக்க ஆரம்பித்தது. காலையில் அவன் தின்ற மீன் அதில் கொஞ்சம் இருந்திருக்கவேண்டும்.

லாக்லன் கீழே உட்கார்ந்துவிட்டான். முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டான். ஹெக்டர் குட்டியை அவன் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் தோளைத் தட்டித் தன் முகத்தைப் பார்க்கவைத்தான்.

"அன்னிக்குப் படகு போச்சே. உன்னைக் கூப்பிட்டேனே, தெரியுமா?"

"கையை ஆட்டினே" என்றான் லாக்லன். "சௌக்கியமான்னு கேக்கிறியோன்னு நினைச்சேன். நானும் ஆட்டினேன்."

ஹெக்டர் அவனையே பார்த்தான். "புயலடிக்குது, படகு உடையுது, நான் பாறை மேல நின்னு உன்னை சௌக்கியம் விசாரிக்கிறேன்."

"நீ எப்பவும் கொஞ்சம் அப்படித்தானே" என்றான் லாக்லன்.

கிர்ஸ்டி சிரித்துவிட்டாள், அப்புறம் யாராலும் அடக்கமுடியவில்லை. ஹெக்டரின் தாடிகூடக் குலுங்கியது. பட்டிக்குத் திரும்பி மீதி ஆடுகளை முடித்தோம். நட்டு களைத்துப்போய்க் கத்தரித்த ரோமக் குவியலின்மேல் தூங்கியது. ஆடுகள் அதைத் தாண்டித் தாண்டிப் போயின. அதற்கு எழுந்து பார்க்கவும் தெம்பில்லை. அன்று ஹெக்டர் தன் பேரோடு ஃப்ளோராவின் பேரையும் எழுதினான், 'ஆடுகள், எண்பத்திரண்டு' என்றும் எழுதினான். அதோடு கணக்கு ஐம்பதை எங்கேயோ தாண்டிவிட்டது.

பதினாலாம் தேதி டோலினா வந்தாள். துறைமுகத்தில் இறங்கியவளை நட்டு ஒருமுறை முகர்ந்துவிட்டு மரியாதையாக வாலாட்டியது, பிறகு அவளைத் தாண்டி ஒவ்வொரு பயணியாக விசாரிக்கப் போய்விட்டது. டோலினா பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அட்மிரலின் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாதிரியார் கையெழுத்து இல்லையே" என்றாள்.

"எங்களுக்கு அவரு மாசம் ஒரு தடவைதான் வருவாரு" என்றேன் நான்.

"பரவாயில்ல. இவ கடிக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கப்பல் வரும்வரை எங்கள் எல்லோரோடும் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய ஸ்கோன் ரொட்டி தின்றாள்.

ஆகஸ்டில் கிர்ஸ்டி லாக்லனை இன்வர்னெஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு காதிலும் மாட்டிக்கொள்கிற சின்னக் கருவிகள் கொடுத்தார்கள். திரும்பி வந்த முதல் இரண்டு நாள் அவன் முகம் சுளித்துக்கொண்டே திரிந்தான். காகிதப் பை இரைகிறதாம், கடல்காக்கை இவ்வளவு சண்டைக்காரப் பறவை என்று அவனுக்குத் தெரியாதாம், தன் முழங்கால் படியேறும்போது சத்தம் போடுகிறதாம்.

வெள்ளிக்கிழமை ரொட்டி நேரத்துக்குக் கடைக்கு வந்தான். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டான்.

"பெகி, அந்தச் சத்தம் எத்தனை நாளா இருக்கு?"

"எந்தச் சத்தம்?"

கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் நேரே போய் ஐஸ்கிரீம் பெட்டியின்மேல் கையை வைத்தான். "விசிறி எங்கேயோ இடிக்குது. இன்னும் ஒரு மாசத்தில மோட்டார் எரிஞ்சிரும். ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

கொடுத்தேன். பெட்டியை முன்னால் இழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். வழி அடைபட்டுவிட்டது. ரொட்டி அந்தப் பக்கம், ஆட்கள் இந்தப் பக்கம்.

"லாக்லன், எனக்கு அடுப்புல குழம்பு இருக்குப்பா" என்றாள் கிர்ஸ்டி.

"எப்படியாவது அந்த ரொட்டியை மட்டும் இங்க எறியேன்" என்றான் ஹெக்டர்.

"ஒவ்வொருத்தரா பேசுங்க" என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல். "எல்லாம் நல்லாவே கேக்குது."

நட்டு வரிசையில் நின்றவர்களின் செருப்புகளைப் பார்வையிட்டு முடித்து, ஹெக்டரின் பூட்ஸ்மேல் உட்கார்ந்துகொண்டது. லாக்லன் பெட்டிக்குள் எதையோ ஒருமுறை தட்டி நிமிர்த்தினான். பெட்டியின் இரைச்சல் சட்டென்று நின்றது. அது அவ்வளவு காலமாக இரைந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்தப் புது அமைதியைக் கேட்டோம். பிறகு பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் ரொட்டி கேட்டார்கள்.